கேள்வி – பதில்: இன்னும் கார் ஆகாத கார்

இந்த முறை ஐந்தாறு கடிதங்கள் ஒரே சங்கதியைச் சுற்றி வந்திருக்கின்றன. பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வேலை பாதியில் நிற்கிறது. அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கார்புரேட்டர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த இதழ் முழுக்க இழுத்துச் செல்லும் வேலைதான்.

கேள்வி: ஐயா, எஞ்சினும் கியர் பாக்சும் இறக்கப்பட்ட பழைய பின்சக்கர இயக்கக் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அடித்தகட்டு வெல்டிங்கை நானே முடித்துவிட்டேன். பெயின்ட் அடிப்பவரின் பட்டறை 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருந்ததால் கழற்றி எறிந்துவிட்டேன். கைப்பிரேக் மட்டும் சுமாராகப் பிடிக்கும். நண்பரிடம் ஜீப் இருக்கிறது, நல்ல நைலான் கயிறும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினால் சாலையில் யாரும் இருக்க மாட்டார்கள். மெதுவாகவே போவோம். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. சிக்கலைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் உங்களைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் விடியுமுன், மெதுவாக.

அந்தக் காரில் இருக்கை இல்லை. மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் வட்டத்தைத் தோல் தைக்கக் கொடுத்திருந்தேன்; அதனால் தண்டின் முனையில் ஒரு பைப் ரெஞ்சைக் கவ்வவிட்டுத் திருப்பினேன். இதை இப்போது எழுதும்போது காது சூடாகிறது. முதல் எட்டு கிலோமீட்டர் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நீண்ட இறக்கம் வந்தது. முன்னால் போன வண்டியின் முதுகு, கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. கயிறு தளர்ந்து தரையில் உரசியது. கைப்பிரேக்கை இழுத்தேன், ஒரு சக்கரம் மட்டும் பிடித்தது, கார் குறுக்கே திரும்பியது. மரப்பெட்டி நழுவி நான் தரைத்தகட்டில் விழுந்தேன். தளர்ந்திருந்த கயிறு மறுபடி விறைத்த நொடியில் கொக்கி மாட்டியிருந்த முன் குறுக்குச்சட்டம் கையோடு பிய்ந்து வந்தது. அந்தச் சட்டத்துக்கு வெல்டிங் செய்தவன் நான்தான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை என்பதைத் தவிர, அன்று நடந்ததில் ஒன்றுகூட என் சாமர்த்தியம் கிடையாது.

அன்று எனக்கு உறைத்ததை உங்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே நாலரை மீட்டர் கயிறு. 25 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 7 மீட்டர். முன்வண்டிக்காரர் எதையோ கண்டு பிரேக்கை அழுத்தி மிதித்தால், உங்களுக்குப் பிரேக் இல்லாத பட்சத்தில், அந்த நாலரை மீட்டர் ஏறக்குறைய ஒன்றேகால் விநாடியில் தீர்ந்துவிடும். அதில் முக்கால் விநாடிக்கு மேல் "என்ன ஆயிற்று" என்று புரிந்துகொள்ளவே போய்விடும். மெதுவாகப் போகிறோம் என்பது ஆறுதல்தான், பிரேக் ஆகாது.

நைலான் கயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சமதளத்தில் ஒரு காரை ஓர் ஆள் தோள் கொடுத்துத் தள்ளிவிடலாம். அதனால் அங்கே எந்தக் கயிறும் பலமாகத்தான் தெரியும். தளர்ந்த கயிறு சட்டென்று விறைக்கும்போது வரும் வெட்டு இழுப்பு அதைப்போலப் பல மடங்கு. நைலான் நீளும்; நீண்டதெல்லாம் சேமித்து வைத்த ஆற்றல். அறுந்தால் கொக்கியோடு சேர்ந்து சாட்டையாக வரும். கயிற்றின் நடுவில் ஒரு கனத்த சாக்கையோ போர்வையையோ தொங்கவிடுவது அதற்காகத்தான்: அறுந்தாலும் அந்தப் பாரம் கயிற்றைத் தரைக்கு இழுத்துவிடும்.

இனிச் சட்டம். நாட்டுக்கு நாடு எண்கள் மாறினாலும் சட்டங்களின் மனப்போக்கு ஒன்றுதான். கயிறு கட்டி இழுப்பதை அவை வழியில் பழுதாகி நின்ற வண்டிக்கான சலுகையாகவே பார்க்கின்றன. உங்கள் கார் பழுதாகி நிற்கவில்லை. அது இன்னும் கார் ஆகவே இல்லை. ஜெர்மனியில் இந்த வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது: நடுவழியில் நின்றுபோனதை இழுப்பது ஒரு சொல், மற்ற வண்டியைக் கட்டி இழுப்பது வேறு சொல், இரண்டாவதற்குத் தனி அனுமதி வேண்டும். முதல்வகையிலும் இரண்டு வண்டிகளுமே அபாய விளக்கைச் சிமிட்ட வேண்டும், கயிறு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியென்றால் அடுத்த வெளிவாசலிலேயே இறங்கிவிட வேண்டும். பிரிட்டனில் கயிற்றின் உச்சவரம்பு 4.5 மீட்டர், 1.5 மீட்டருக்கு மேல் போனால் அடுத்தவர் கண்ணில் படும்படி அதில் அடையாளம் கட்ட வேண்டும்.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் "முழுமையாகப் பூட்டப்படாத மோட்டார் வாகனம்" என்ற பொருளில் ஒரு தொடரே இருந்தது. நம்மைப் போன்ற ஆள் எவரோ விதி எழுதிய அறையில் இருந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அத்தகைய வண்டியை இழுக்கலாம் என்றது விதி. ஆனால் ஒப்படைப்பதற்காகவோ அருகிலுள்ள பட்டறை, பெட்ரோல் நிலையம் வரையோ மட்டும். இழுபடும் வண்டியில் உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், அல்லது திரும்பும் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இடைவெளி 5 மீட்டருக்குள். இழுபடும் வண்டியின் பின்புறத்தில், இழுத்துச் செல்லப்படுகிறது என்று வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் அறிவிப்பு. வேகம் 24 கிலோமீட்டருக்குள். 2017இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துவிட்டன. பழையதைச் சொல்வதற்குக் காரணம், சட்டம் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்பது அதில் பட்டியலாகவே தெரிகிறது. உங்கள் பகுதியில் இன்று நடப்பிலுள்ள விதியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்திலேயே வாங்கிவையுங்கள்.

ஆக, என் பதில்: நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே ஏறட்டும். தட்டையான மேடை வைத்த மீட்பு லாரியோ, கார் ஏற்றும் டிரெய்லரோ எதுவானாலும் சரி. மேடையில் ஏறிய கணத்தில் உங்கள் கார் சரக்காகிவிடுகிறது. சரக்குக்குப் பிரேக் வேண்டாம், விளக்கு வேண்டாம், உள்ளே ஓட்டுநர் வேண்டாம். அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு எல்லாம் இருந்தால் போதும். வாடகை கொடுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். நான் பிய்த்த குறுக்குச்சட்டத்தை மறுபடி நேராக்கி ஒட்ட ஆன செலவில் இரண்டு முறை லாரி பிடித்திருக்கலாம்.

கேள்வி: டிரெய்லரில் என் காரை ஏற்றிக்கொண்டு போனேன். எஞ்சின் இல்லாததால் மிகவும் லேசான சுமை. ஆனாலும் 70 கிலோமீட்டரைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. என் வண்டியையும் சேர்த்து ஆட்டியது. போன வருடம் இதே டிரெய்லரில் முழுக் காரை ஏற்றியபோது இப்படி ஆகவில்லை. டயரில் கோளாறா?

பதில்: டயரையும் பாருங்கள், ஆனால் விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எஞ்சின் இல்லை!

முன்னால் எஞ்சின் உள்ள காரில் முன் பாதிதான் கனம். எடுத்துக்காட்டாக ஆயிரம் கிலோ காரில் முன் அச்சில் 560, பின் அச்சில் 440 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர் பாக்சுமாக 200 கிலோவை முன்புறத்திலிருந்து இறக்கிவிட்டால், முன்னால் 360, பின்னால் 440. கார் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது. கனம் மட்டும் டிரெய்லரின் பின்பக்கம் போய்விட்டது. பின்கனத்த டிரெய்லர் வாலாட்டும். லேசான சுமை என்று நீங்கள் மகிழ்ந்த அந்த லேசுதான் இத்தனைக்கும் காரணம்.

டிரெய்லரின் மூக்கு, அதாவது உங்கள் வண்டியின் கொக்கிக் குண்டில் உட்காரும் பகுதி, கொஞ்சம் பாரத்தோடு அழுத்த வேண்டும். ஐரோப்பாவில் டிரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். உங்கள் வண்டியின் கொக்கிக்கு எழுதியிருக்கும் உச்சவரம்பே கடைசி வார்த்தை. அளக்கக் கருவி வாங்க வேண்டாம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, கொக்கி இருக்கும் உயரத்தில் மூக்கை அதன்மேல் இறக்கிப் பாருங்கள். சக்கரங்களுக்கு முட்டு கொடுத்துவிட்டு, கால்விரலை ஒதுக்கிவைத்துக்கொண்டு.

பாரம் போதவில்லையென்றால் காரை ஒரு சாண், இரண்டு சாண் முன்னே நகர்த்துங்கள். இடமில்லையென்றால் காரைத் திருப்பி, வால் முன்னால் இருக்கும்படி ஏற்றுங்கள். ஆனால் அப்படி ஏற்றினால் இன்னொரு சங்கதி கிளம்பும். காரின் கதவும் டிக்கி மூடியும் கார் முன்னோக்கி ஓடும்போது எதிரே வரும் காற்றுக்கு ஏற்பக் கீல் வைக்கப்பட்டவை. திருப்பி ஏற்றினால் திறக்கும் ஓரம் காற்றை நேருக்கு நேர் பார்க்கும். பூட்டு சரியாகப் பொருத்தப்படாத டிக்கி மூடி பறந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அது பின்னால் வந்தவரின் கண்ணாடிக்கு ஓரடி தள்ளி விழுந்தது. வால் முன்னால் என்றால் கதவையும் டிக்கியையும் கட்டுங்கள். மூக்கு முன்னால் என்றால் பானெட்டைக் கட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் கட்டுங்கள். முன்கண்ணாடி இல்லாத காரை நேராக ஏற்றினால் உள்ளே புகும் காற்று பின்கண்ணாடியை ரப்பரோடு வெளியே தள்ளிவிடக்கூடும். காருக்குள் போட்டுவைத்திருக்கும் உதிரிகளை எடுத்து உங்கள் வண்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் தாள் போர்த்தாதீர்கள். அது படபடத்துப் படபடத்துப் பிரைமரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

கட்டும் முறை: நான்கு மூலையிலும் நான்கு ராட்செட் பட்டை (நெம்பி இறுக்கிப் பூட்டும் பட்டை), முடிந்தவரை சக்கரத்தைச் சுற்றி. உடற்சட்டத்தில் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கிப் பட்டை தளரும். நேற்று வெல்டிங் செய்த இடத்தில் எதையும் கட்டாதீர்கள் (என் கதையை மேலே படித்தீர்கள்). புதிதாக வெட்டிய தகட்டு விளிம்பு பாலியெஸ்டர் பட்டையைக் கத்தி போல அறுக்கும். நடுவே கனமான துணியோ ரப்பரோ வையுங்கள். பட்டையில் அரைத்திருப்பு ஒன்று போட்டால் காற்றில் கொம்பூதாமல் இருக்கும். கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். முதல் தடவை கட்டாயம் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள்; ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்த்திசையில் ஒடித்துச் சரிசெய்ய நினைப்பதும் பிரேக்கை மிதிப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். டிரெய்லருக்கு மட்டும் தனியாகக் கைவிசை பிரேக் இருந்தால் அதைத் தொடலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சினோடு, சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றிவிட்டேன். தள்ளிப் பார்த்தால் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். மேடை லாரி வாசல்வரை வராது, தெருமுனைவரை உருட்ட வேண்டும். உருட்டலாமா?

பதில்: தம்பி, நிறுத்து. ஓர் அங்குலம்கூட வேண்டாம். பல முன்சக்கர இயக்கக் கார்களில் சக்கர பேரிங்கின் இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பதே டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையும் அதன் பெரிய நட்டும்தான். அதைக் கழற்றிவிட்டுக் காரின் பாரத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றினால் பேரிங் பிரிய ஆரம்பிக்கும். நீ கேட்ட கரகரப்பு அதுவாகத்தான் இருக்கும். பேரிங்குக்கு இனி ஆயுசு இல்லை என்றே வைத்துக்கொள்.

பழைய ஷாஃப்டின் வெளிமுனை மூட்டு இணைப்பை மட்டும் கழற்றி எடுத்துப் பேரிங்குக்குள் நுழைத்து, நட்டைக் குறிப்பிட்ட இறுக்கத்துக்குப் பூட்டு. பிறகு உருட்டலாம். சக்கர நட்டுகளை எண்ணிப் பார். பிரித்துப் போட்ட காரில் நாலுக்கு இரண்டுதான் இருக்கும், அதுவும் கையால் திருகியது. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்: 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அந்த வயசு டயர் தெருமுனைவரை தாங்கும். நெடுஞ்சாலைக்குப் போகாதே. சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டைத் திறந்துவை. சாவியே இல்லையென்றால் உருட்டும் முன்பே தெரிந்துகொள், திருப்பத்தில் தெரிந்துகொள்ளாதே.

கேள்வி: ஆட்டோமேடிக் கியர் கார். எஞ்சின் ஓடவில்லை. நியூட்ரலில் போட்டு இழுத்தால் போதும்தானே?

பதில்: பெரும்பாலும் போதாது. கியர் பாக்சுக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் நின்றால் எண்ணெய் நிற்கும். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே உலோகம் காயும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது கையேட்டில் இருக்கும்; சிலவற்றில் "கூடவே கூடாது" என்று இருக்கும். இயக்கும் சக்கரங்களைத் தூக்குங்கள். நான்கு சக்கர இயக்கமென்றால் நான்கையும் தூக்குங்கள்.

கேள்வி: கயிறு ஆபத்து என்றால் முக்கோண இரும்புச் சட்டம் போட்டு இழுக்கலாமே? இடைவெளி மாறாது, பின்னால் ஆள் தேவையில்லை, விளக்குப் பலகையையும் கட்டிவிடலாம்.

பதில்: கயிற்றைவிட மேல்தான். இடிக்காது, வெட்டி இழுக்காது. ஆனால் பின்னால் வரும் ஆயிரம் கிலோவை நிறுத்தும் வேலை முழுவதும் முன்வண்டியின் பிரேக்குக்கு வந்துவிடுகிறது. பிரிட்டனில் இப்படி முக்கோணச் சட்டத்தில் மாட்டிய காரை டிரெய்லராகவே கருதுகிறார்கள். அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். பிரேக் குழாயே இல்லாத காருக்கு அது எங்கிருந்து வரும்? அதோடு, இரும்புச் சட்டத்தை மாட்டும் இடம் துருப்பிடிக்காத இரும்பாக இருக்க வேண்டும். நம் கார்களில் அந்த இடம்தான் முதலில் போயிருக்கும்.

கேள்வி: காரை மேடை லாரியில்தான் கொண்டுபோகிறேன். கூடவே காகிதம் எதுவும் எடுத்துச் செல்ல வேண்டுமா? வழியில் நிறுத்திக் கேட்டால்?

பதில்: கேட்பார்கள். எண் பலகை இல்லாத, கண்ணாடி இல்லாத, ஓட்டுநர் இல்லாத காரைப் பார்த்தால் நானே கேட்பேன். உங்கள் பெயருக்கு வாங்கிய ரசீது, பதிவுச் சான்று, சேஸிஸ் எண் தெரியும் ஒரு புகைப்படம். அந்த எண் பொறித்த தகட்டை வெல்டிங்கின்போது வெட்டி எடுத்துவிடாதீர்கள், அதன்மேல் புட்டியும் பூசாதீர்கள். லாரிக்காரரின் காப்பீடு ஏற்றிய காருக்கும் சேர்த்தா என்று கிளம்பும் முன் கேளுங்கள். உங்கள் காரின் பழைய பாலிசி அநேகமாகச் செத்திருக்கும். பெட்ரோலை வடித்துவிட்டு, பாட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏற்றுவது சரி. பிரேக் இல்லாத காரை இறக்குவது எப்படி? போன தடவை நாங்கள் மூன்று பேர் பின்னால் நின்று தாங்கிப் பிடித்தோம்.

பதில்: மூன்று பேரும் இன்னும் நடக்கிறீர்களா? சாய்வுப் பலகையில் இறங்கும் 800 கிலோவை மூன்று பேர் தாங்குவதில்லை. மூன்று பேர் அதன் அடியில் போகிறார்கள். இந்த வேலையில் நான் பார்த்த காயங்கள் பெரும்பாலும் சாலையில் பட்டவை அல்ல, பட்டறை வாசலில், "வந்துவிட்டோம்" என்ற நிம்மதியில் பட்டவை.

பட்டைகளை அவிழ்க்கும் முன், கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் கம்பியைக் காரில் மாட்டி இறுக்குங்கள். பிறகு அவிழுங்கள். வின்ச் விட விட கார் இறங்கட்டும். ஒருவர் பக்கவாட்டில் நின்று, சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டையை நீண்ட கழியால் தள்ளிக்கொண்டே வரட்டும். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் திறந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டாமல் உள்ளே உட்காரட்டும். காருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, கீழே காலுறையோடு வேடிக்கை பார்க்கும் பெயின்டர் உட்பட.

கேள்வி: இருக்கை போடாத காரில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு வர என் மனைவி மறுக்கிறார். நானோ முன்வண்டியை ஓட்ட வேண்டும். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்குப் புரிந்திருக்கிறது.